நேப்பியர்னு தேடினா நாலு பேர் வர்றாங்களா? சரியான ஆளை புடிக்கிறது இப்படித்தான்

கூவம் கடல்ல சேர்ற இடத்துல நேப்பியர் பாலம் இருக்குல்ல, அந்த நேப்பியர் யாருன்னு தேடினா தலை சுத்திடும், சிந்து மாகாணத்தை புடிச்ச சார்லஸ் வருவாரு, கொழும்புல பொறந்த ராபர்ட் வருவாரு, லாகரிதம் கண்டுபுடிச்ச ஜானும் கூடவே வந்து நிப்பாரு.

அதனால பேரை விடுங்க, நம்பரை புடிங்க. நம்ம ஆளு 10வது லார்டு நேப்பியர், பேரு பிரான்சிஸ். 1627ல ஜானோட மகனுக்கு குடுத்த ஸ்காட்லாந்து பட்டம், வம்சமா இறங்கி வந்து, 1834ல அப்பா சீனா கரையில இருக்குற மக்காவு ஊர்ல செத்துப்போனதும் 15 வயசுல இவருக்கு வந்துச்சு. ராபர்ட்டுக்கு இருக்கிறது வேற பட்டம், 1868 அபிசீனியா (இப்போ எத்தியோப்பியா) போருக்கு அப்புறம் புதுசா குடுத்தது.

அடுத்து பதவிகளை வருஷத்தோட ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க: பிரிட்டனோட தூதரா 1857 வாஷிங்டன், அப்புறம் நெதர்லாந்துல ஹேக், 1861 ரஷ்யா, 1864 பெர்லின், 1866ல இருந்து 1872 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். பாலம் 1869. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, தற்காலிக வைஸ்ராயா ராபர்ட்டும் 1863ல கொஞ்ச நாள் இருந்தாரு, பிரான்சிஸும் 1872ல வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமான்ல கொலையான பிறகு மே மாசம் வரைக்கும் இருந்தாரு, வருஷம் பாக்கலைன்னா ரெண்டும் ஒண்ணாயிடும்.

1872க்கு அப்புறம் 'எட்ரிக் பிரபு'ன்னு பாத்தா புது ஆளுன்னு நினைக்காதீங்க, இவரேதான், அந்த வருஷம் இவருக்கு கிடைச்ச பிரிட்டன் பட்டம் அது. அப்போ ஸ்காட்லாந்து பிரபுக்கள் எல்லாரும் நேரா லார்ட்ஸ் சபையில உக்கார முடியாது, அவங்களுக்குள்ளயே 16 பேரை தேர்ந்தெடுத்து அனுப்பணும், அந்த தொல்லை இல்லாம சீட் கிடைக்கணும்னா பிரிட்டன் பட்டம் ஒண்ணு வேணும்.

மெட்ராஸோட நிறுத்திடாதீங்க ப்ளீஸ். என்னைக் கேட்டா அவர் செஞ்சதுல பெருசு 1883ல தலைமை தாங்குன கமிஷன்தான். ஸ்காட்லாந்துல ஸ்கை தீவு மாதிரி இடங்கள்ல நிலச்சுவான்தார்கள்கிட்ட சின்ன குத்தகைக்கு இருந்த குடியானவங்க பொங்கி எழுந்த நேரம், இவரே ஒரு நிலச்சுவான்தார், ஆனா ஊர் ஊரா போய் அவங்க வாயாலயே சாட்சியம் கேட்டாரு. 1884ல அறிக்கை, 1886ல சட்டம், நினைச்சபடி வெளியேத்த முடியாதுன்னு ஆச்சு. அறிக்கையும் சட்டமும் ஒண்ணுன்னு மட்டும் எழுதிடாதீங்க, ஊர் சமூகத்துக்கே உரிமை குடுக்கணும்னு இவர் சொன்னதை சட்டத்துல சேர்க்கல.

கடைசியா இறப்பு வருஷத்தை செக் பண்ணுங்க. 1890னு இருந்தா அது ராபர்ட், நம்மாளு 1898ல பிளாரன்ஸ்ல போனாரு.