நலமடித்த கழுதையின் குறியுறை வீக்கமும் சுத்தமும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கான செய்முறை

முருங்கன் பக்கத்தில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே எங்கள் வளவு இருக்கிறது. காலபோகம் எனப்படும் மழைக்கால நெல் விதைப்பு முடிந்ததும், பயிருக்குள் இறங்காதபடி ஆடு மாடுகளைக் கட்டிவைப்பது இங்கு வழமை. மன்னார் நகரத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த இரண்டு கழுதைகளையும் அப்படியே கட்டிவைத்தோம். மழை விடாது பெய்த ஒரு மார்கழியில், ஒன்பது நாளாகக் கொட்டிலை விட்டு வெளியே வராத கறுவல் என்ற கழுதையின் குறியுறை, அதாவது ஆண்குறியை மூடியிருக்கும் தோற்பை, ஒரு விடியற்காலையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பருத்துத் தொங்கியது. கறுவல் நலமடித்த, அதாவது விதை நீக்கிய, ஆண். அழுக்குச் சேர்ந்ததுதான் காரணம் என்று நானாகவே தீர்மானித்து, கிருமிநாசினி கலந்த நீரால் ஆறு நாள் தொடர்ந்து கழுவினேன். வீக்கம் வற்றவில்லை, தோல் வெடித்தது, முன்பு இல்லாத நாற்றமும் எழுந்தது. ஏழாம் நாள் வந்து பார்த்த மிருக வைத்தியர் இரண்டு வேலைகளை மட்டுமே சொன்னார்: கழுவுவதை நிறுத்த வேண்டும், காலையும் மாலையும் நடக்கவிட வேண்டும். வீக்கம் மூன்று நாளில் வற்றிவிட்டது. நான் கெடுத்த தோல் ஆறுவதற்கு மூன்று கிழமை சென்றது.

கறுவல் பட்ட அந்த வேதனை வேறொரு விலங்குக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உறையைக் கிழமைக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், கையால் தொட்டறிய வேண்டும். ஆனால் கழுவுவது வருடத்தில் ஒரு தடவை அல்லது இரண்டு தடவை, அதுவும் தேவை இருந்தால் மட்டுமே. கீழே சொல்லப்படும் முறை நலமடித்த குதிரைக்கும் பொருந்தும். கழுதைக்கு மட்டும் உரியவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

உறையின் அமைப்பு

வயிற்றின் அடியில், பின்னங்கால்களுக்கு முன்னால் தொங்கும் தோற்பைதான் குறியுறை. அது ஒற்றைத் தோல் அன்று. உள்ளே இன்னொரு மடிப்பும் உண்டு. தோலிலிருந்து கழியும் செதில்களும் அங்குள்ள சுரப்பிகளின் எண்ணெய்ப் பசையும் தூசியும் இந்த மடிப்புகளுக்குள் சேர்ந்து, சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ மெழுகைப் போலப் படிகின்றன. இந்தப் படிவு ஓரளவு இருப்பது இயல்பானது. அது உள்தோலுக்கு ஒரு காப்பாகவும் இருக்கிறது. நலமடித்த ஆண், முழு ஆணைப் போல அடிக்கடி குறியை வெளியே விடுவதில்லை என்பதால், படிவு தானாக உதிர்ந்துபோகும் வாய்ப்பு அதற்குக் குறைவு. குறியின் நுனியில், சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றி ஒரு சிறிய குழி இருக்கிறது. அந்தக் குழிக்குள் படிவு இறுகினால், அவரைக் கொட்டை அளவில், சில வேளை அதைவிடப் பெரிதாக, களிமண் உருண்டையைப் போன்ற கட்டி உருவாகிச் சிறுநீர்த் துவாரத்தை அழுத்தும்.

ஆண் கழுதையின் உறையில் சிறிய முலைக்காம்புகள் இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இவற்றை உண்ணி என்றோ மரு என்றோ நினைத்துப் பிடுங்கப் பார்ப்பதுண்டு. இரு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே வடிவத்தில் இருந்தால் அவை காம்புகள்தான்; அவற்றைத் தொடாதீர்கள்.

முதற் படி: கழுவாமல் கவனித்தல்

கழுதை சிறுநீர் கழிக்கும் நேரமே உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் சோதனை. நலமாக இருக்கும் விலங்கு குறியை ஓரளவு வெளியே விட்டு, தடையில்லாத ஒரே தாரையாகக் கழிக்கும். உறைக்குள்ளேயே கழித்தால், தாரை பிரிந்து பக்கவாட்டில் தெறித்தால், அடிக்கடி கால்களை அகட்டி நின்றும் சில துளிகள் மட்டுமே வந்தால், வாலைச் சுழற்றினால் அல்லது பின்னங்காலால் வயிற்றடியை உதைத்தால் உள்ளே ஏதோ வருத்துகிறது என்று கொள்ளுங்கள். கழுதை வலியை வெளியே காட்டாத விலங்கு. குதிரை துள்ளிக் குதிக்கும் அளவு வலியில் கழுதை தலையைத் தாழ்த்தி அசையாது நிற்கும். அந்த அமைதியை நலம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: எத்தகைய வீக்கம் என்று அறிதல்

புறங்கையை உறைமேல் வைத்துச் சூட்டைப் பாருங்கள். பின்னர் பெருவிரலால் மெதுவாக அழுத்தி, பத்து வரை எண்ணி, விரலை எடுங்கள். தோல் குளிர்ச்சியாக இருந்து, அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து மெல்ல நிரம்பி, விலங்கும் நோவைக் காட்டாமல் நின்றால், அது பெரும்பாலும் நீர்க்கோப்பு. நடையில்லாமல் ஒரே இடத்தில் நிற்கும்போது உடலின் தாழ்ந்த பகுதிகளில் நீர் தேங்குவதால் வருவது அது. காலபோகத்தில் கட்டிவைக்கும் நம் ஊர்க் கால்நடைகளுக்கு இது எளிதில் வரக்கூடியது. இதற்கு மருந்து நடைதான். காலையும் மாலையும் இருபது முப்பது நிமிடம் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். பகலில் வளவுக்குள் அவிழ்த்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. கொட்டிலின் நிலத்தை மேடாக்கி, சிறுநீரில் ஊறிய வைக்கலை நாள்தோறும் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் வீக்கம் குறையத் தொடங்க வேண்டும். அளவை நினைவில் வைத்து ஒப்பிடுவது ஏமாற்றும் என்பதால், தினமும் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்திலிருந்து கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

சூடாக, இறுக்கமாக, தொட்டால் காலைத் தூக்கும் அளவு நோவாக இருந்தால் அது வேறு. முட்கம்பி, காரை முள், இன்னொரு கழுதையின் உதை, உண்ணிக் கடி, மடிப்புக்குள் பிடித்த கிருமித்தொற்று என்று பல காரணங்கள் இருக்கலாம். வெளித்தோலில் காயத்தைத் தேடிப் பாருங்கள். புதிய அடிபட்ட வீக்கமானால், கிணற்று நீரைப் பத்து நிமிடம் மெதுவாக ஊற்றிக் குளிரவையுங்கள். நாளுக்கு இரண்டு தடவை போதும். காயம் இருந்தால் ஏற்புவலி (டெட்டனஸ்) பற்றி வைத்தியரிடம் அன்றே பேசுங்கள். குதிரை இன விலங்குகளை அந்த நோய் மிக எளிதில் தாக்கும்.

இலையான் பெருகும் நாட்களில் இன்னொரு தொல்லை உண்டு. ஈரமான தோலிலும் சிறு காயத்திலும் இலையான் மொய்த்து, ஒருவகை வயிற்றுப்புழுவின் குஞ்சுகளை அங்கே விட்டுச்செல்லும். அந்தப் புண் ஆறாமல், சிவந்து, மணல் மணலாகத் தடித்து வளரும். வீட்டு மருந்துக்கு அது அடங்காது. வைத்தியர் தரும் புழு மருந்து வேண்டும். கொட்டிலின் சாணத்தைத் தினமும் அள்ளித் தொலைவில் குவிப்பது இலையானைக் குறைக்கும்.

வீக்கம் உறையோடு நில்லாமல் வயிற்றடி வழியாக நெஞ்சுவரை பரவினாலோ, கால்களும் சேர்ந்து வீங்கினாலோ, அது உறையின் நோய் அன்று. குடற்புழுவால் உடலின் புரதம் குறைந்திருக்கலாம்; ஈரலோ இதயமோ பழுதாகியிருக்கலாம். நன்றாகக் கொழுத்த கழுதையின் உறை, கொழுப்புச் சேர்ந்தும் பருத்துத் தெரியும். அழுத்தினால் பள்ளம் விழாதிருப்பதே அதன் அடையாளம். அதற்குத் தவிட்டையும் புண்ணாக்கையும் குறைக்க வேண்டும். ஆனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், பட்டினி போடக் கூடாது.

அண்மையில் நலமடித்த விலங்கில் வீக்கம் வருவது எதிர்பார்க்க வேண்டியதே. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை அது கூடியிருந்து பிறகு குறையும். அந்த நாட்களில் கட்டிவைப்பது தவறு. வைத்தியர் சொன்ன அளவுக்கு நடத்த வேண்டும்.

மூன்றாம் படி: தொடப் பழக்குதல்

கழுவ வேண்டும் என்று முடிவு செய்தாலும் அன்றே கழுவாதீர்கள். ஒரு கிழமையாவது பழக்குங்கள். முதலில் முதுகையும் விலாவையும் சொறிந்துகொடுத்து, பிறகு வயிற்றடிக்கு வந்து, விலங்கு இயல்பாக நிற்கும்போதே கையை எடுத்துவிடுங்கள். மறுநாள் இன்னும் சிறிது பின்னே செல்லுங்கள். அதன்பின் ஈரத் துணியால் உறையின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். துணைக் கழுதையைக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கட்டுங்கள். துணையைப் பிரித்தால் எந்தப் பழக்கமும் பலிக்காது.

நிற்கும் இடம் முக்கியம். விலாவை ஒட்டி, வாலின் திசையை நோக்கி நின்று, ஒரு கையை முதுகில் வைத்தபடி மறு கையால் வேலை செய்யுங்கள். கழுதை பின்னங்காலை முன்னோக்கியும் உதைக்கும் என்பதால் தலையை வயிற்றடிக்குள் நுழைக்காதீர்கள், நிலத்தில் முழந்தாளிடாதீர்கள். கயிற்றைப் பிடிப்பவர் நீங்கள் நிற்கும் அதே பக்கத்தில் நிற்க வேண்டும். எவ்வளவு பழக்கியும் அடங்காத விலங்கை மயக்க ஊசி போட்டே கழுவ வேண்டும். அது வைத்தியரின் வேலை. சில மயக்க மருந்துகள் ஆண் விலங்கின் குறியை உள்ளே இழுக்க முடியாமல் செய்துவிடக்கூடும் என்பதால், எந்த மருந்து என்பதை அவரே தெரிவு செய்யட்டும்.

நான்காம் படி: கழுவுதல்

இரண்டு வாளி சுத்தமான நீர், மெல்லிய கையுறை, பழைய பருத்திச் சீலைத் துண்டுகள், சிறிது தேங்காய் எண்ணெய் ஆகியவை போதும். நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். காலையில் வெயிலில் வைத்த வாளி பத்து மணியளவில் அந்தப் பதத்துக்கு வந்துவிடும். மோதிரத்தைக் கழற்றி, நகத்தை ஒட்ட வெட்டுங்கள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். உறைக்குள் வாழும் தீங்கற்ற கிருமிகளை அவை அழித்து, தீய கிருமிகளுக்கு இடம் கொடுக்கின்றன. என் கறுவலுக்கு நேர்ந்தது இதுதான்.

முதல்நாள் மாலையில், கையுறையில் எண்ணெய் தடவி, கை எட்டும்வரை உறையின் உட்புறத்தில் பூசிவிடுங்கள். காய்ந்து ஒட்டிய படிவு இரவோடு இளகும். மறுநாள் நீரில் நனைத்த சீலையைக் கையில் சுற்றி, வெளி மடிப்பிலிருந்து தொடங்கி மெதுவாகத் துடையுங்கள். எளிதாகக் கழன்று வருவதை மட்டும் எடுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டினால் அடியிலுள்ள தோல் கிழியும். அதற்கு இன்னும் சிறிது எண்ணெய் பூசி, வேறொரு நாளுக்கு விட்டுவிடுங்கள். தூரிகையும் குழாய்நீரின் வேகமும் கூடாது. அழுக்கான துண்டை மீண்டும் வாளியில் தோய்க்காமல் புதிய துண்டை எடுங்கள்.

விலங்கு தளர்ந்து குறியை வெளியே விட்டால், இழுக்காமல், உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு துடையுங்கள். நுனிக்கு வந்ததும், எண்ணெய் தடவிய விரல்நுனியைச் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியுள்ள குழியில் வைத்து வட்டமாகத் தடவுங்கள். கட்டி இருந்தால் அது விரலில் தட்டுப்படும். ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக நசுக்கி வெளியே உருட்டலாம். துவாரத்துக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. விரலுக்கு அசையாத கட்டியை வைத்தியருக்கு விட்டுவிடுங்கள். இந்த வேலை புதியவருக்கு முதல் தடவையிலேயே கைகூடாது. ஒரு தடவை வைத்தியர் செய்வதை அருகில் நின்று பார்த்தபின் செய்வதே என் விருப்பம்.

முடிவில் வெறும் நீரால் அலம்பி, உலர்ந்த சீலையால் வெளிப்புறத்தை ஒற்றிவிடுங்கள். கழுவியபின் ஒரு நாள் உறை சற்றே தடித்திருப்பது உண்டு. இரண்டாம் நாளும் கூடினால், தோல் சிவந்தால், அடுத்த தடவை அவ்வளவு ஆழமாகக் கழுவ வேண்டியதில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உடனே வைத்தியரை அழைக்க வேண்டிய நிலைகள்

சிறுநீர் வராமல் முக்குவது முதலாவது. அதற்கு ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. வெளியே வந்த குறி உள்ளே திரும்பாமல் தொங்குவது அடுத்தது. தொங்கும் நேரம் கூடக்கூட அது வீங்கி, வீங்குவதால் இன்னும் திரும்ப முடியாமல் போகும். வைத்தியர் வரும்வரை எண்ணெய் பூசி, சுத்தமான ஈரச் சீலையால் மூடி, வயிற்றைச் சுற்றிக் கட்டிய அகன்ற துணியால் கீழிருந்து தாங்கிவையுங்கள். மஞ்சளாகச் சீழ், இரத்தம், புழு, பூக்கோவாவைப் போல வளரும் சதை ஆகியவற்றைக் கண்டாலும் அன்றே சொல்லுங்கள். உறைத் தோலில் புற்றுநோய் வருவது உண்டு. ஆரம்பத்தில் கண்டால் வெட்டி எடுத்துக் காப்பாற்ற இயலும். நலமான வளர்ந்த கழுதையின் உடல் வெப்பம் 36.2 முதல் 37.8 பாகை செல்சியஸ் வரை இருக்கும், 38.5 ஐத் தாண்டினால் காய்ச்சல்தான். ஒரு நாள் முழுவதும் தீனி தின்னாத கழுதையின் உடற்கொழுப்பு இரத்தத்தில் கலந்து உயிரையே எடுக்கக்கூடும். அதனால் வீக்கத்தோடு பசியும் குன்றினால் வீக்கத்தைவிடப் பசியையே முதலில் சொல்லுங்கள்.

வீங்கிய உறையை ஊசியால் குத்தி நீரெடுப்பது, மண்ணெண்ணெயோ கழிவு ஒயிலோ பூசுவது, மனிதருக்கான வலிமாத்திரை கொடுப்பது ஆகியவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பிரதேசக் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லும்போது வீக்கம் தொடங்கிய நாள், சூடா குளிர்ச்சியா, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், உடல் வெப்பம் ஆகிய நான்கையும் சொன்னால், அவர் எதை எடுத்துவர வேண்டும் என்று முன்கூட்டியே அறிவார். நாள்தோறும் எடுத்த படங்களையும் காட்டுங்கள்.

எங்கள் வளவில் இப்போது வருடாந்தச் சோதனை புரட்டாசியில், விதைப்புக்கு முன்னர் நடக்கிறது. மழைக்கு முன் உறையைப் பார்த்து, குடற்புழு மருந்தையும் கொடுத்துவிடுகிறோம். வயல் வரம்பில் நடக்க முடியாத மார்கழி நாட்களில், வீதியோரமாகக் கறுவலையும் துணையையும் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போகிறேன். கடந்த இரண்டு காலபோகத்திலும் வீக்கம் வரவில்லை. அந்தக் காலத்தில் கறுவலைக் கழுவியது ஒரே ஒரு தடவைதான்.