ஜனவரி குளிர்ல ஷோ மாட்டை ரெடி பண்றது

அமெரிக்காவுல டென்வர்ல நேஷனல் வெஸ்டர்ன் ஸ்டாக் ஷோங்கற கால்நடை கண்காட்சி 1906லேர்ந்து நடக்குது, அதுவும் ஜனவரிலதான், அதனால கொலராடோல பனி கொட்டி குளிர் எறங்குச்சுன்னா அதுக்கு "ஸ்டாக் ஷோ வெதர்"னே பேரு. நம்ம ஊர்ல மாட்டுப் பொங்கலுக்கு மாட்டை ஆத்துல எறக்கி தேய்ச்சு விடற அதே சமயம்தான் இங்க ஷோவும். என் பொண்ணு 4-எச்ங்கற பசங்க கிளப்ல சேர்ந்து காயடிச்ச ஹியர்ஃபோர்டு ஜாதி கன்னு ஒண்ணு வளர்க்க ஆரம்பிச்சப்ப நானும் அந்த பழக்கத்துலயே டிசம்பர்ல ஒரு சாயங்காலம் ஹோஸ புடிச்சு தலையிலேர்ந்து வால் வரைக்கும் நனைச்சு விட்டுட்டேன், கோணிச்சாக்கால தொடச்சா காஞ்சுடும்னு. அரை மணி நேரத்துல வயித்துக்கடியில முடியெல்லாம் ஐஸ் குச்சியா தொங்குது, மாடு நடுங்குது, பொண்ணு அழறா. பக்கத்து பண்ணைல ப்ளோயர், அதாவது காத்தடிச்சு முடிய காய வைக்கிற மெஷின், கடன் வாங்கி ராத்திரி 11 மணி வரைக்கும் காய வச்சோம். நீங்க அந்த தப்ப பண்ணாதீங்க.

மாடு குளிர தாங்கும், அத பத்தி ரொம்ப பயப்பட வேணாம். அடர்த்தியான குளிர்கால முடி காஞ்சு நிக்கிற வரைக்கும் 18 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 8 செல்சியஸ் கிட்ட போனாலும் தன் சூட்டை அதுவே பாத்துக்கும், அதுக்கு கீழ போனாத்தான் கூடுதல் தீனி வேணும். ஆனா அதே மாடு தொப்பலா நனைஞ்சிருந்தா 60 டிகிரி ஃபாரன்ஹீட்லயே, நம்ம கொடைக்கானல் குளிர்லயே, சூட்டுக்காக தீனிய எரிக்க ஆரம்பிச்சுடும். முடிக்கு நடுவுல நிக்கிற காத்துதான் அதுக்கு கம்பளி, தண்ணி பட்டு முடி படிஞ்சுட்டா கம்பளி போச்சு.

அதனால வெயில் காலத்துல முடி வளரணும்னு தினமும் குளிப்பாட்டற மாதிரி இப்பவும் பண்றத மறந்துடுங்க. குளிர் காலத்துல முடி தானாவே வரும், பகல் குறைய குறைய மாட்டு உடம்பே முடிய வளர்க்கும், அதுக்கு தண்ணி ஊத்தி தூண்ட வேண்டியதில்ல. தினமும் செய்ய வேண்டியது காஞ்ச முடில ப்ளோயர் அடிச்சு தூசி, வைக்கோல் துணுக்கெல்லாம் வெளியேத்தி, பிரஷ் போட்டு, ஸ்காட்ச் கோம்ப்னு சொல்ற அந்த பல்லு சீப்பால முடிய முன்னாடி பக்கமாவும் மேல் பக்கமாவும் சீவி பழக்கறதுதான். சாணி ஒட்டின எடத்த மட்டும், ஹியர்ஃபோர்டுன்னா அந்த வெள்ளை மூஞ்சியும் காலும், வெதுவெதுப்பான தண்ணில துணி நனைச்சு தொடச்சு எடுங்க.

முழுசா குளிப்பாட்டியே ஆகணும்னா காத்து புகாத, சூடா இருக்கிற எடம் வேணும், காலைலயே ஆரம்பிக்கணும், சாயங்காலம் தொட்டீங்கன்னா என் கதைதான். முதல்ல காஞ்ச முடியிலயே ப்ளோயர் அடிங்க, இல்லன்னா தூசி சேறா மாறி தோல் வரைக்கும் போயிடும். சோப்பு மிச்சம் இல்லாம அலசணும், மிச்சம் இருந்தா பொடுகு வரும். அப்புறம் கையாலயே தண்ணிய வழிச்சு விட்டுட்டு மேல முதுகுலேர்ந்து கீழ ப்ளோயர் போடுங்க, தண்ணி கீழதான எறங்கும். மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஏமாறாதீங்க, முடிய பிரிச்சு தோல்ல விரல் வச்சு பாருங்க. தொடையிடுக்கு, நெஞ்சுக்கடி, வால் நுனி, காது இதெல்லாம் கடைசியா காயும், காதும் வாலும் ஈரமா இருந்தா குளிர்ல கருகி போறதும் அங்கதான். காஞ்ச உடனே வெளிய ஓட்டிட்டு போகாதீங்க, கொஞ்ச நேரம் உள்ளயே நிக்கட்டும்.

ப்ளோயர்ல வர்ற சூடு பெரும்பாலும் மோட்டார் சூடுதான், அது இழுக்கிற காத்தே ஜில்லுனு இருந்தா வர்ற காத்தும் ஜில்லுனுதான் இருக்கும், அதனால வெளிய வச்சு காய வைக்கிற ஐடியா வேணாம். ஃபில்டர்ல முடி அடைஞ்சிருக்கான்னும் பாருங்க.

சாமான் பெட்டிய ராத்திரில கொட்டகைல விடாதீங்க, வீட்டுக்குள்ள கொண்டு வந்துடுங்க, வீட்டுல திட்டு வாங்கினாலும் பரவால்ல. ஷாம்பு, கண்டிஷனர் எல்லாம் ஒருதடவ ஒறஞ்சு உருகினா திரிஞ்ச பால் மாதிரி பிரிஞ்சு போகலாம். கால் முடிய நிமித்தி நிறுத்தற பசை ஸ்ப்ரே குளிர்ல அழுத்தம் கொறஞ்சு கட்டி கட்டியா துப்பும். அந்த டப்பாவ வெதுவெதுப்பான தண்ணி வாளில கொஞ்ச நேரம் போட்டு எடுத்தா போதும், ஹீட்டர் மேல வைக்கவே வைக்காதீங்க, 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு டப்பாலயே போட்டிருக்கும், அதோட அது பத்திக்கிற சரக்கு, கேஸ் ஹீட்டர் எரியற எடத்துல அடிக்கவும் கூடாது. முடி வெட்டற கிளிப்பர்ல எண்ணெய் கெட்டியாகி பிளேடு இழுக்கும், பேட்டரி கிளிப்பர்னா சார்ஜும் சட்டுனு போகும். குளிர்ந்த இரும்ப வீட்டுக்குள்ள கொண்டு வந்தா அது மேல தண்ணி வேர்க்கும், தொடச்சு எண்ணெய் விடலன்னா துரு. மாட்டு தலைல மாட்டற தோல் ஹால்டர் நனைஞ்சு ஒறஞ்சா வெடிக்கும், அதுவும் வீட்டுக்குள்ளதான்.

ஹோஸ வேலை முடிஞ்ச உடனே கழட்டி, தண்ணிய வடிச்சு சுருட்டிடுங்க. குளிர்ல ஒறையாத மாதிரி செஞ்ச குழாய்தானேன்னு ஹோஸோட விட்டீங்கன்னா குழாய்க்குள்ள இருக்கிற தண்ணி எறங்க வழியில்லாம அங்கயே ஒறஞ்சு குழாய் வெடிச்சிடும்.

கொட்டகைய பிளாஸ்டிக் போட்டு இறுக்கி மூடறவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல. மூத்திர வாடை தங்கி மாட்டுக்கு இருமல் வரும், காத்து நேரா மாடு மேல அடிக்காம மேல வழியா போய் வந்தா சரி. காஞ்ச வைக்கோல் கெட்டியா போடுங்க.

இன்னொண்ணு பேன். குளிர் காலத்துலதான் மாட்டுக்கு பேன் ஏறும், தூண்ல தேய்ச்சு தேய்ச்சு முடி சொட்டையாகிடும், மூணு மாசமா சீவினது வீணா போகும். முதுகுல ஊத்தற மருந்து பெரும்பாலும் முட்டைய கொல்லாது, அதனால ரெண்டு வாரம் கழிச்சு நிறைய பேர் மறுபடி ஊத்துவாங்க, ஆனா கறிக்கு போற மாடுன்னா மருந்து போட்டு எத்தன நாள் காத்திருக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க. வட்ட வட்டமா படை வந்துச்சுன்னா அது ஒட்டுவாரொட்டி, உங்களுக்கும் வரும், ஷோலயும் உள்ள விடமாட்டாங்க, அதனால அடுத்தவங்க பிரஷ வாங்கி போடாதீங்க.

ஷோ அன்னிக்கு மாட்டை நடத்தி காட்டற ரிங்குலேர்ந்து வந்ததும் எல்லாருக்கும் கை வெறச்சு போய் காபி குடிக்க ஓடணும்னுதான் தோணும். ஆனா அந்த பசைய அன்னிக்கே ரிமூவர் எண்ணெய் போட்டு ஊற வச்சு, சீப்பால எடுத்து, கழுவி, தோல் வரைக்கும் காய வச்சு, அதுக்கப்புறம்தான் டிரெய்லர்ல ஏத்தணும். ஈரத்தோட ஏத்தினா ஹைவேல அடிக்கிற காத்துல வீடு வர்றதுக்குள்ள மாடு வெறச்சுடும், பசையோட விட்டா அடுத்த நாள் அது முடியோடதான் வரும்.