விளையாடினால் பணம் தரும் செயலி: இறங்கும் முன் ஏழு நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள்

போன பொங்கல் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள் மகன் மாடிப்படியில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரே நிறப் பழங்களை வரிசை சேர்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால், "இன்னும் கொஞ்சம்தான் சித்தி, நூறு ரூபாய் சேர்ந்துவிட்டால் எடுத்துவிடலாம்" என்றான். மூன்று நாள் கழித்து நான் கிளம்பியபோதும் அந்த "இன்னும் கொஞ்சம்" தீரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதே செயலியை என் பழைய கைப்பேசியில் ஏற்றினேன். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, ஏழு நாளும் எத்தனை நிமிடம் ஆடினேன், எவ்வளவு சேர்ந்தது என்று எழுதினேன். அந்தச் சோதனையை நீங்களும் செய்துபார்க்கும்படி படிப்படியாக எழுதுகிறேன். இதுவரை இப்படி ஒரு செயலியைத் தொட்டதே இல்லை என்பவருக்கும் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

பலரும் "இது உண்மையா, ஏமாற்றா?" என்று மட்டும் கேட்கிறார்கள். அது போதாது. சொன்னபடி பணம் தரும் செயலிகளும் இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தருகிறது என்று கேளுங்கள். முதல் மணி நேரத்துக்குக் கிடைத்ததை நம்பாமல், கடைசி மணி நேரத்துக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

படி 1: உங்கள் கையில் இருப்பது எந்த வகை?

"விளையாடு, சம்பாதி" என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு சரக்குகள் உலவுகின்றன.

முதல் வகை, விளம்பரத்தில் ஓடுவது. நீங்கள் ஒரு பைசா கூடக் கட்ட வேண்டாம். விளம்பரம் பார்த்தால் புள்ளி, புதிய விளையாட்டை இறக்கிக் குறிப்பிட்ட கட்டம் வரை ஆடினால் புள்ளி. கனடாவின் மிஸ்ட்பிளே போன்றவை இந்த ரகம். ஆடிய நேரத்துக்குப் புள்ளி சேரும், அதைப் பரிசுக் கூப்பனாக மாற்றலாம். இந்தக் கட்டுரையின் சோதனை முழுவதும் இந்த வகைக்குத்தான்.

இரண்டாவது, பணம் கட்டி ஆடுவது. ரம்மி, போக்கர், கட்டணப் போட்டிகள். இதற்குச் சோதனையே வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பண ஆதாயம் எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பாகுபாடு அதில் இல்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ட்ரீம்11, எம்பிஎல் போன்ற பெரிய நிறுவனங்களே அந்த மாதத்தில் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. இன்றும் யாராவது "ரம்மி ஆடு, பணம் எடு" என்று இணைப்பு அனுப்பினால், அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தளமாக இருக்கும். அங்கே போட்ட பணம் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாவது, டோக்கன் தருவது. ரூபாய்க்குப் பதில் ஒரு மெய்நிகர் நாணயம் சேரும். வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் உருவாக்கிய ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டின் கதையைத் தெரிந்துகொண்டால் இந்த வகை முழுவதும் புரிந்துவிடும். கொரோனா முடக்கக் காலத்தில் பிலிப்பைன்ஸில் ஏராளமானோர் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டு ஆடினார்கள். ஆட்டத்தில் இறங்க ஆக்ஸி எனப்படும் மூன்று மெய்நிகர் உயிரினங்களை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆடிச் சேர்க்கும் எஸ்எல்பி என்ற டோக்கன் 2021 ஜூலையில் முப்பது சென்டுக்கு மேல் விலைபோனது. அடுத்த ஆண்டு ஒரு சென்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. புதிதாக வருபவர் போடும் பணம்தான் பழையவரின் வருமானமாக இருந்தது. வருவோர் குறைந்ததும் விலையும் விழுந்தது. 2022 மார்ச்சில், அந்த ஆட்டத்தின் டோக்கன்கள் கைமாறும் ரோனின் என்ற வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கும் மேல் திருடுபோனது வேறு. 2024இல் டெலிகிராமில் பரவிய ஹாம்ஸ்டர் காம்பாட் என்ற ஆட்டம் நினைவிருக்கலாம். மாதக்கணக்கில் திரையைத் தட்டியவர்களில் பலர், செப்டம்பரில் டோக்கன் கைக்கு வந்தபோது அதன் மதிப்பைப் பார்த்து மனம் நொந்துபோனார்கள்.

நான்காவது, விளையாட்டு வேடம் போட்ட மோசடி. இதற்குக் கடைசிப் படியில் வருகிறேன்.

படி 2: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

விளம்பரதாரர், ஒரு விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்பட்டால் இவ்வளவு என்று தருகிறார். இந்தியாவில் இருப்பவர் பார்ப்பதற்குக் கிடைக்கும் விலை, அமெரிக்காவில் இருப்பவர் பார்ப்பதற்குக் கிடைப்பதை விட மிகக் குறைவு. ஒரு பேச்சுக்கு ஆயிரம் பார்வைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார்வைக்கு 15 பைசா. செயலிக்காரர் தாராள மனதோடு பாதியை உங்களுக்கே தருகிறார் என்றாலும் ஏழரைப் பைசா. ஒரு விளம்பரம் முப்பது விநாடி ஓடும். மூச்சு விடாமல் பார்த்தால் மணிக்கு 120 விளம்பரம், 9 ரூபாய். இது ஆட்டமே ஆடாமல் விளம்பரம் மட்டும் பார்த்தால் வரும் தொகை. "தினமும் 500 ரூபாய்" என்று ஒரு செயலி சொன்னால், அந்த 500 இந்தக் கணக்கில் எங்கே பொருந்துகிறது என்று யோசியுங்கள்.

புதிய விளையாட்டை இறக்கும் பணிகள் கொஞ்சம் கூடுதலாகத் தரும். ஒரு புதிய ஆட்டக்காரரைப் பிடித்துக் கொடுத்தால் விளையாட்டு நிறுவனம் தரகு தருகிறது. அதில் ஒரு பங்குதான் உங்களுக்கு வரும் புள்ளி. ஒரு விளையாட்டுக்கு நீங்கள் ஒரே ஒரு முறைதான் புதியவர். அதனால்தான் முதல் நாள் கை நிறையவும் பிறகு சொட்டுச் சொட்டாகவும் வருகிறது.

படி 3: இறக்கும் முன் பத்து நிமிடம்

பிளே ஸ்டோரில் மட்டும் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பிலிருந்து ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியே செயலியை ஏற்றும் கோப்பு) எதையும் இறக்காதீர்கள். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் அண்மையில் எழுதியதைப் படியுங்கள். "95 வரை வந்தது, பிறகு நகரவில்லை" என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

பிறகு விதிமுறைப் பக்கத்தில் மூன்று விஷயங்களைத் தேடி நோட்டில் எழுதுங்கள்: குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் பணம் எடுக்கலாம், எத்தனை புள்ளிக்கு ஒரு ரூபாய், எத்தனை நாள் திறக்காவிட்டால் புள்ளிகள் காலாவதியாகும். புள்ளிக்கு ரூபாய் மதிப்பை எங்குமே சொல்லாத செயலி, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்ற இடம் வைத்திருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர்களை இதில் இறக்கிவிடாதீர்கள்.

படி 4: எதற்கு அனுமதி, எதற்கு மறுப்பு

ஆடும் நேரத்தை அளக்கும் செயலி, எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்க்க அனுமதி கேட்கும். அதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது. கொடுத்தால் வங்கிச் செயலியை எத்தனை முறை திறந்தீர்கள் என்பது வரை அதற்குத் தெரியும் என்பதை அறிந்து கொடுங்கள். நான் பழைய கைப்பேசியை எடுத்தது இதனால்தான். தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி, அணுகல்தன்மை (Accessibility) ஆகிய மூன்றில் எதைக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஓடிபி குறுஞ்செய்தியில்தான் வருகிறது. அணுகல்தன்மை அனுமதி, திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் வழி திறந்துவிடும். பழம் அடுக்கும் ஆட்டத்துக்கு இவை எதற்கு?

இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள். முக்கியமாக ஒன்று: யுபிஐயில் பணம் பெற ரகசிய PIN எண் போட வேண்டியதே இல்லை. "பணம் வர PIN எண் போடுங்கள்" என்று திரை கேட்டால், உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள்.

படி 5: ஏழு நாள் நோட்டு

ஒவ்வொரு முறை ஆடும்போதும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், சேர்ந்த புள்ளி. அவ்வளவுதான். விளம்பரம் ஓடிய நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அதைக் கழித்துவிட்டு எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதுவும் உங்கள் ஆயுளில் கழிந்த நேரம்தானே.

என் நோட்டில் இருந்தது இது. குறைந்தபட்சம் எடுக்கக்கூடிய தொகை 100 ரூபாய்.

முதல் நாள் 40 நிமிடம், 38 ரூபாய்.
இரண்டாம் நாள் 55 நிமிடம், 17 ரூபாய்.
மூன்றாம் நாள் 60 நிமிடம், 11 ரூபாய்.
நான்காம் நாள் 60 நிமிடம், 8 ரூபாய்.
ஐந்தாம் நாள் 65 நிமிடம், 6 ரூபாய்.
ஆறாம் நாள் 70 நிமிடம், 4 ரூபாய்.
ஏழாம் நாள் 70 நிமிடம், 3 ரூபாய்.

முதல் நாள் இரவு, இது நல்ல செயலிதான் என்றே நினைத்தேன். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்ந்துவிட்டதே, மூன்று நாளில் நூறு என்று மனம் கணக்குப் போட்டது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவனின் மனமும் அப்படித்தான் போட்டிருக்கும்.

படி 6: இரண்டு வகுத்தல்

முதலில் மொத்தத்தை வகுத்துப் பாருங்கள். எனக்கு 420 நிமிடம், அதாவது ஏழு மணி நேரம். சேர்ந்தது 87 ரூபாய். மணிக்குப் பன்னிரண்டரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

அடுத்து, கடைசி இரண்டு நாளை மட்டும் வகுத்துப் பாருங்கள். முடிவு எடுக்க வேண்டியது இந்த விடையை வைத்துத்தான். 140 நிமிடத்துக்கு 7 ரூபாய். மணிக்கு 3 ரூபாய். மீதி 13 ரூபாயை எட்ட, வேகம் இதற்கு மேல் குறையாமல் இருந்தால்கூட, இன்னும் நான்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆட வேண்டும். "87 வந்துவிட்டது, 13தானே" என்று ரூபாயில் பார்த்தால் அருகில் தெரிவது, நேரத்தில் பார்த்தால் இவ்வளவு தொலைவில் இருக்கிறது.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். மணிக்கு 3 ரூபாய் என்ற வேகத்தில் அந்தத் தொகையை எட்ட 112 மணி நேரம் ஆகும். மின்சாரத்தையும் டேட்டாவையும் நான் இதில் கழிக்கவே இல்லை.

படி 7: எப்போது வைத்துக்கொள்ளலாம்?

எப்படியும் நீங்கள் ஆடப்போகிற விளையாட்டு அந்தச் செயலியின் பட்டியலில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் போகும் அரை மணி நேரத்தில் ஆடுவதற்கு மாதக் கடைசியில் ஒரு சின்னக் கூப்பன் கிடைத்தால் நல்லதுதான். குறைந்தபட்சத் தொகை 10, 20 ரூபாய் என்று இருந்தால் எட்டியவுடன் எடுத்துவிடுங்கள், சேர்த்துவைக்காதீர்கள். கையில் வந்த பிறகுதான் அது பணம்.

வருமானத்துக்கு என்று இறங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பதே என் முடிவு. குறிப்பாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலே இதைப் போலப் பல மடங்கு கிடைக்கும்.

படி 8: பணம் கட்டச் சொன்னால்

நான்காவது வகை இப்படித்தான் வரும். டெலிகிராமில் ஒருவர் சேர்ப்பார். சின்னப் பணி ஒன்றை முடித்ததும் 100, 150 ரூபாய் உண்மையிலேயே கணக்கில் விழும். நம்பிக்கை வந்ததும், "அடுத்த நிலைக்கு 1,000 கட்டுங்கள், 1,400 ஆகத் திரும்பும்" என்பார்கள். திரையில் உங்கள் இருப்பு ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வரி, சரிபார்ப்புக் கட்டணம் என்று இன்னும் கேட்பார்கள். உங்கள் பணத்தை எடுக்க உங்களிடமே பணம் கேட்கும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே கட்டியிருந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்கு முன் முடக்க வேண்டும் என்பதால் நிமிடங்கள் முக்கியம். உரையாடல்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். மறைப்பதால் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குத்தான் லாபம்.

படி 9: வெளியே வருவது

செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, உங்கள் கணக்கு அவர்களிடம் அப்படியே இருக்கும். முதலில் செயலியின் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்குங்கள். பிறகு கைப்பேசி அமைப்புகளில் கொடுத்த அனுமதிகளைத் திரும்பப் பெறுங்கள். கடைசியில்தான் செயலியை நீக்க வேண்டும். என் கணக்கை நீக்கும்போது "உங்கள் 87 ரூபாய் போய்விடும், உறுதியாகவா?" என்று திரை கேட்டது. நோட்டைத் திறந்து ஏழாம் நாள் வரியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆம் என்று தட்டினேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அக்கா மகனுக்கும் அனுப்பினேன். அன்று இரவே அவனும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறான்.