துண்டு விறகையும் தூர்க்கட்டையையும் மழைக்கு முன் சேமிக்கும் முறை

மரம் அறுத்து முடிந்ததும் நீளக் கட்டைகளை வரிசையாக அடுக்கிவிடுகிறோம். மிஞ்சிய அரையடி நறுக்கு, கவட்டை, முண்டு, வேர்த்தூர் எல்லாம் ஒரு மூலையில் குவியலாகக் கிடக்கும். ஐப்பசியில் நாலு மழை பெய்ததும் குவியலின் அடிப்பகுதி கறையானுக்குப் போகும், நடுப்பகுதியில் பூஞ்சணம் பிடிக்கும், மேலே கிடப்பது மட்டும் அடுப்புக்கு வரும். இது சின்ன நட்டமில்லை. கணுவும் கவட்டையும் தூரும் மரத்திலேயே கெட்டியான பகுதிகள். சீமைக்கருவேலம், புளி, சவுக்கு இவற்றின் தூர் வெந்நீர் அடுப்பிலும் நெல் அவிக்கும் அடுப்பிலும் மணிக்கணக்கில் நின்று எரியும்.

இவற்றையும் நீள விறகைப் போலவே அடுக்கப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கோணல் கட்டைகள் ஒன்றையொன்று தாங்காது, இடுப்புயரம் வந்ததும் சரிந்துவிடும். அவற்றைப் பிடித்து நிறுத்த வெளியே ஒரு கூண்டு வேண்டும். கூண்டு இருந்தால் அடுக்கவே வேண்டாம், கொட்டினாலே போதும். கோணல் துண்டுகளுக்கு நடுவே தானாகச் சந்து விழுந்து காற்று ஓடும்.

துண்டு விறகுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. மரத்தின் ஈரம் பட்டை வழியாக மிக மெதுவாகவும் வெட்டுமுகம் வழியாக வேகமாகவும் வெளியேறும். அதனால் அரையடி நறுக்கு, அதே பருமனுள்ள மூன்றடிக் கட்டையைவிட வெகு சீக்கிரம் காயும். தை, மாசியில் வெட்டிய கைப்பருமன் நறுக்குகள் நல்ல வெயில் பட்டால் வைகாசிக்குள் எரிக்கத் தயாராகிவிடும். பிளக்காத தூர்க்கட்டை அப்படியில்லை. அதை அடுத்த வருடக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

<b>முதலில் பிரித்துப் போடுங்கள்</b>

கொட்டுவதற்கு முன் நாலு வகையாகப் பிரியுங்கள்: நறுக்கும் கவட்டையும் ஒன்று, தூர்க்கட்டை ஒன்று, சுள்ளி ஒன்று, தென்னைச் சாமான்கள் ஒன்று. எல்லாம் கலந்து கிடந்தால் சுள்ளியும் மட்டையும் சந்துகளை அடைத்துக்கொள்ளும், காற்று ஓடாது, கெட்டிக் கட்டையும் காயாது. மண் ஒட்டியிருப்பதைத் தட்டி உதிர்த்துவிட்டுப் போடுங்கள். கறையான் பெரும்பாலும் அந்த மண்ணோடுதான் வந்து சேர்கிறது.

<b>கம்பிவலைக் கூண்டு</b>

இரும்புக் கடையில் 4 அடி அகலமுள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். கண் 2 அங்குலம், கம்பி 12 கேஜ் இருந்தால் போதும். கோழிவலை வேண்டாம், எடை ஏறியதும் வயிறு தள்ளிக் கிழிந்துவிடும். 10½ அடி நீளம் வெட்டி, அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வட்டமாக வளையுங்கள். விட்டம் 3 அடிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். உள்ளே சுமார் 32 கன அடி இடம் கிடைக்கும். காய்ந்த சீமைக்கருவேலத் துண்டை அதில் கொட்டி நிரப்பினால் ஏறக்குறைய கால் டன் பிடிக்கும். விட்டத்தை 4 அடிக்கு மேல் பெரிதாக்காதீர்கள், நடுவில் இருப்பதற்குக் காற்றுப் போகாது. விறகு அதிகமென்றால் இரண்டாவது கூண்டு போடுங்கள். அதில் இன்னொரு வசதி: ஒன்றில் புது விறகு சேர்ந்துகொண்டிருக்கும்போது, காய்ந்ததை மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வலையின் இரு முனைகளையும் கட்டுக்கம்பியால் முக்காலடிக்கு ஒரு முடிச்சாக இணையுங்கள். முறுக்கிய முனைகளை உள்பக்கம் மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கையையும் சேலையையும் கிழிக்கும். விறகு குறையக் குறைய மேல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, வலையை விரித்து எடுக்கலாம். கூண்டின் அடியில் ஓட்டை போட்டு அதன் வழியாக உருவ நினைக்காதீர்கள். கோணல் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மேலே அப்படியே தொங்கும். குச்சியால் குத்தியதும் மொத்தமாக மணிக்கட்டின் மேல் இறங்கும்.

அடிமட்டம் இதைவிட முக்கியம். ஐந்தாறு ஹாலோபிளாக்குகளை மட்டம் பார்த்து வைத்து, மேலே பழைய ஜன்னல் கிராதியோ கம்பிகளோ பரப்பி, அதன்மேல் கூண்டை நிறுத்துங்கள். தரையிலிருந்து முக்கால் அடி இடைவெளி வேண்டும். கல் வைத்துவிட்டால் கறையான் வராது என்று நம்ப வேண்டாம், கல்லின் மேலும் மண்குழாய் கட்டி ஏறும். ஆனால் இடைவெளி இருந்தால் அந்தக் குழாய் கண்ணில் படும். வாரம் ஒருமுறை குனிந்து பார்த்துத் தென்னை ஈர்க்கால் தட்டிவிட்டால் முடிந்தது. விறகின் மேல் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது, எரிக்கும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பது சமைப்பவர்தான். வீட்டுச் சுவரிலிருந்து கூண்டு இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் கறையானுக்கு அடுத்த தீனி கதவு நிலைதான்.

மேலே மட்டும் மூடுங்கள். தார்ப்பாயைத் தரைவரை போர்த்திக் கயிற்றால் கட்டுவதுதான் விறகு கெடுவதற்குப் பெரிய காரணம். பகலில் கட்டையிலிருந்து கிளம்பும் ஈரம் பாயின் உட்புறம் முத்து முத்தாகக் கோத்து, இரவில் விறகின் மேலேயே சொட்டும். ஒரு தகரத்தை ஒருபக்கம் சாய்வாக, கூண்டைவிட அரையடி வெளியே நீளும்படி வைத்து, மேலே கல் பாரம் ஏற்றுங்கள். தகரம் இல்லையென்றால் கிடுகு போதும். வடகிழக்குப் பருவத்தில் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். அந்தப் பக்கம் மட்டும் ஒரு கீற்றுத் தட்டி சாத்தி, தெற்கையும் மேற்கையும் திறந்து விடுங்கள். தென்காசி, பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியிலேயே மேற்கிலிருந்து சாரல் வந்துவிடும். அங்கே தட்டி முதலில் மேற்கே சாத்தப்பட வேண்டும்.

<b>தூர்க்கட்டை</b>

தூரை வேர் மேலே பார்க்கக் கவிழ்த்து வெயிலில் போடுங்கள். மண் காய்ந்து தானாக உதிரும். மண்ணோடு வெட்டினால் கோடாரி முனை மழுங்கும். முழுக்கக் காயும்வரை பிளக்காமல் விடாதீர்கள், புளியந்தூர் காய்ந்தபின் இரும்பாகிவிடும். வெட்டிய சில வாரங்களில் முகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்புகள் ஓடத் தொடங்கும், அதுதான் பிளக்கும் பருவம். பலர் நேராக நடுவில் கோடாரி போடுவார்கள். அங்கே இழைகள் முறுக்கிக்கொண்டிருக்கும், கோடாரி சிக்கிக்கொள்ளும். ஓரத்திலிருந்து மூன்று விரற்கடை உள்ளே தள்ளி, வெடிப்பு ஓடும் திசையில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடியுங்கள். சில்லு சில்லாகச் சுற்றிலும் பெயர்த்துக்கொண்டே வந்தால் கடைசியில் நடுக்கட்டை மட்டும் நிற்கும். அது பிளக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கல்யாணச் சமையலுக்கோ பெரிய பானை அடுப்புக்கோ முழுதாகவே ஆகும்.

<b>மற்றவை</b>

மரம் அறுக்கும் மில்லில் கிடைக்கும் துண்டு, விரல்பருமன் சில்லுகளை வெங்காயம் வரும் வலைச் சாக்கிலோ தக்காளி கிரேட்டிலோ போடலாம். உரச்சாக்கு கூடாது, வாயைக் கட்டியதும் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் வரும். வலைச் சாக்கை வெயிலில் தொங்கவிட்டால் சில மாதங்களில் நைந்து கிழியும், தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். மா, வாகை, மூங்கில் துண்டுகளில் மாவு போலத் தூள் கொட்டினால் வண்டு துளைக்கிறது என்று பொருள். அவற்றை வேறாக்கி முதலில் எரித்துவிடுங்கள். வீட்டு மரச்சாமான் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பாளை, பன்னாடை, மட்டை எல்லாம் பற்றவைக்க நல்லவை, ஆனால் ஒரே மழையில் நனைந்து ஊறிவிடும். இவற்றுக்குக் கூரைக்கு அடியில்தான் இடம். கொட்டாங்குச்சியை வெளியே போடுவதானால் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போடுங்கள். நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையில் தேங்கும் அரை டம்ளர் நீரே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகப் பறந்துவிடும்.

பாம்பு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விறகுச் சந்தில் எலி குடியேறும், எலியைத் தேடிக் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் வரும். கூண்டைச் சுற்றி மூன்றடிக்குப் புல் இல்லாமல் செதுக்கி வையுங்கள். தானியம், மாட்டுத் தீவனம் பக்கத்தில் வேண்டாம். கை விடுவதற்கு முன் நீளக் குச்சியால் கூண்டைத் தட்டி, மேல் துண்டைக் குச்சியாலேயே புரட்டிப் பாருங்கள். தேளும் பூரானும் துண்டின் அடிப்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். இரவுக்கும் விடியற்காலைக்கும் வேண்டியதைப் பொழுது சாய்வதற்குள் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். உடலை அசைக்காமல் 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

<b>காய்ந்ததா என்று பார்ப்பது</b>

இரண்டு துண்டுகளைத் தட்டினால் ‘டக்’கென்று தெளிவாகக் கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் ஈரம். பட்டை நகத்தால் பெயர வேண்டும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், கூண்டின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அடையாளம் போட்டு, எடை பார்த்து எழுதி வையுங்கள். 15 நாளைக்கு ஒருமுறை அதையே நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் அந்த ஊர்க் காற்றில் காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது. பச்சைக் கட்டையில் எடையில் பாதிவரைகூட நீர் இருக்கும், அது 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் அதிகப் புகையில்லாமல் எரியும். அடுப்பில் வைத்தபின் வெட்டுமுகத்தில் நுரை தள்ளினால் அந்தக் கூண்டை இன்னும் திறக்காதீர்கள்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு, அரளிக் கட்டை இவை இந்தக் கூண்டுக்குள் போகவே கூடாது. ஒருமுறை கலந்துவிட்டால் அவசரத்தில் யாரும் பிரித்துப் பார்த்து அடுப்பில் வைக்கமாட்டார்கள்.