பருவம் தொடங்குமுன்: தோட்டத்துக் கிரிக்கெட் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய பருவம் என்றதும் நம் தோட்டத்துக் குழுக்களில் முதலில் எழும் பேச்சு ஜெர்சி. நிறம் எது, முதுகில் பெயர் போடலாமா, நன்கொடை தந்தவரின் கடைப் பெயர் எந்தப் பக்கம் என்று இரண்டு கூட்டங்கள் ஓடிவிடுகின்றன. திடலைப் பற்றிய பேச்சு முதல் ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமைதான் வருகிறது. மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் நல்ல பையன்கள் நிறைந்த குழுக்கள் பாதிப் பருவத்தில் கலைவதைப் பார்க்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவில்லை. செய்ய வேண்டியவற்றின் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

திடலை முதலில் உறுதி செய்யுங்கள்

தோட்டத்துத் திடல் நம் தாத்தா காலத்திலிருந்து நாம் ஓடிய இடமாக இருக்கலாம். ஆனாலும் அது கம்பெனி நிலம். “ஆடிக்கொள்ளுங்கள்” என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஆறு மாத அட்டவணை போடுவதுதான் நான் காணும் தவறுகளில் பெரியது. மேலாளர் மாற்றலாகிப் போவார். புதிதாக வருபவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. பக்கத்து நிலத்தில் மறுநடவு தொடங்கினால் கன்றுகளை இறக்கிவைக்க அதே திடல்தான் அவர்கள் கண்ணில் படும். ஆகவே எழுத்தில் கேளுங்கள். எந்தெந்த ஞாயிற்றுக்கிழமைகள், புல்லை யார் வெட்டுவது, தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தலாமா, குலை ஏற்றும் டிராக்டர் எந்த ஓரமாகப் போகும் என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். ஊராட்சி மன்றத் திடல் என்றால் முன்பதிவு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, அதே திடலை நம்பியிருக்கும் மற்றவர்களிடம் பேச வேண்டும். காற்பந்துக் குழு, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, ஆலயத் திருவிழா ஆகிய மூன்றின் தேதிகளும் உங்கள் அட்டவணைக்கு முன்னால் வர வேண்டும். திருவிழாக் கூடாரம் கழற்றப்பட்ட மறுநாள் திடலை வரிசையாக நடந்து ஆணி பொறுக்காமல் யாரையும் பாய்ந்து பந்து பிடிக்கவிடாதீர்கள்.

குழுவைப் பதிவு செய்யாமல் விடுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டுக் கழகங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாத குழுவுக்கு அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவது கடினம். சந்தாவும் நன்கொடையும் பொருளாளரின் சொந்தக் கணக்கில் போய்ச் சேரும். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், ஒரு நாள் கேள்வி எழும். கேட்டவரும் கேட்கப்பட்டவரும் பங்காளிகளாக இருப்பார்கள்.

ஆடுகளம்

நமது மழைக்கு இயற்கைப் புல் ஆடுகளம் பராமரிப்பது தோட்டத்துக் குழுவால் ஆகாத காரியம். சிமெண்டுத் தளத்தின் மேல் பாய் விரிப்பதே நடைமுறை. அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. வங்காளதேசம் வென்ற 1997ஆம் ஆண்டு ஐசிசி டிராபி, அதாவது உலகக் கிண்ணத் தகுதிப் போட்டி, கோலாலம்பூரில் செயற்கை ஆடுகளங்களில்தான் நடந்தது.

ஆனால் பாய்க்கும் ஒழுங்கு உண்டு. ஈரம் காயாத தளத்தில் விரித்தால் அடியில் பாசி பிடிக்கும். பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். இழுத்துக் கட்டாத பாய் சுருங்கி மடிப்பு விழும். அந்த மடிப்பில் குத்தும் பந்து முகத்துக்கு எழும். பழைய அடையாளத்தை நம்பாமல் நாடா பிடித்து அளந்து பாருங்கள். ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு 20.12 மீட்டர், ஸ்டம்பிலிருந்து மட்டையாளர் கோட்டுக்கு 1.22 மீட்டர். சிமெண்டு முடிந்து புல் தொடங்கும் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே இரண்டு விரல் பள்ளம் இருந்தால் பந்துவீச்சாளரின் கணுக்கால் அதில் திரும்பும். மண் போட்டுத் திமிசு கட்டையால் இடித்துவிட்டால் அந்த ஆபத்து நீங்கும். ஒரு மாலை வேலைதான். இதைச் செய்யாமல் புதுக் கால்காப்பு வாங்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இன்னொன்று: எல்லைக்கோட்டுக்கு அப்பால் செம்பனை வரிசை தொடங்குகிறது. அங்கே எலி உண்டு. எலியைத் தேடி நாகம் வரும். பந்து உள்ளே போனால் சிறுவர்களை ஓடவிட்டு, வெட்டிப்போட்ட செம்பனை ஓலைமட்டை அடுக்குக்குள் கையை விட்டுத் துழாவச் சொல்வது வழக்கமாகிவிட்டது. காலணி போட்ட பெரியவர் ஒருவர் நீண்ட கம்போடு போகட்டும். கிடைக்காவிட்டால் பந்து போகட்டும்.

மழையும் இடியும்

மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் பருவக்காற்று மாறும் காலம். காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று மணிக்கு வானம் இருண்டு இடி இறங்கும். அந்த மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம் வைத்துவிட்டு மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை எட்டரைக்குத் தொடங்கினால் இருபது ஓவர் ஆட்டம் மதியத்துக்குள் முடிந்துவிடும். ஜூன், ஜூலை ஓரளவு வறண்ட மாதங்கள். முக்கிய ஆட்டங்களை அங்கே வையுங்கள். அதன்பின் புகைமூட்டம் வந்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 100ஐத் தாண்டிவிட்டால் ஆஸ்துமா உள்ள பையனை ஓடவிடக் கூடாது. ஆட்டத்தையே தள்ளிவைப்பது இன்னும் நல்லது.

இடி விஷயத்தில் வீம்பு வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது விநாடிக்குள் இருந்தால் அனைவரும் திடலைவிட்டு வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே திரும்ப வேண்டும். இரும்புக் கால் கூடாரமும் மரத்தடியும் திறந்த தகரக் கொட்டகையும் பாதுகாப்பான இடங்கள் அல்ல. மூடிய வண்டி, பள்ளிக் கட்டடம், சமூக மண்டபம் ஆகியவற்றில் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து சாவியை யார் வைத்திருப்பார் என்றும் எழுதிவையுங்கள். “இரண்டு ஓவர்தானே மீதி” என்ற பேச்சுக்கு நடுவர் செவிசாய்க்கவே கூடாது.

டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்கு

நம் பையன்கள் வளர்வது டென்னிஸ் பந்தில். ஆண்டு முழுவதும் அதில் ஆடிவிட்டு, லீக் ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோல் பந்தைக் கையில் எடுப்பார்கள். டென்னிஸ் பந்து ஏறக்குறைய 58 கிராம். தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை, அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடை. தோளும் முழங்கையும் இந்த மாற்றத்துக்குப் பழக ஒரு வாரம் போதாது. விரல் முறிவதும் இந்த வாரத்தில்தான். குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே தோல் பந்தைக் கொண்டுவாருங்கள். முதலில் அருகிலிருந்து மெதுவாக எறிந்து பிடிக்கும் பயிற்சி, பிறகு உயரப் பந்து, அதன்பின் முழு வேகம். ஹெல்மெட் இல்லாமல் எவரையும் மட்டையோடு நிற்கவிடாதீர்கள். ஸ்டம்புக்கு ஒட்டி நிற்கும் விக்கெட் காப்பாளருக்கும் அதே விதிதான்.

டென்னிஸ் பந்துக்கென்று செய்த மட்டையும் தோல் பந்துக்கு உடைந்துபோகும். புது மட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தடவி, மரச்சுத்தியலால் பல மணி நேரம், ஆறு மணி நேரம் வரைகூட, பொறுமையாகத் தட்டிப் பழக்க வேண்டும். நம் ஈரக் காற்றில் எண்ணெயை ஊற்றி ஊறவைத்தால் மட்டை கனத்துச் செத்துப்போகும். வியர்த்த கையுறையைப் பையில் போட்டு அடுத்த வாரம் திறந்தால் பூஞ்சை வரவேற்கும். வீட்டுக்குப் போனதும் நிழலில் உலர்த்துங்கள்.

இளம் பந்துவீச்சாளர்கள் விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. வேகமாக வீசும் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கிடைத்துவிட்டால், குழு அவனைப் பொதிமாடாக்கிவிடுகிறது. சனிக்கிழமை பள்ளிக்கு, ஞாயிறு காலை குழுவுக்கு, மாலையில் பக்கத்துத் தோட்டத்துக்கு இரவலாக. வளரும் எலும்பில் வேகப்பந்து வீச்சின் சுமை கீழ் முதுகில் மெல்லிய முறிவை உண்டாக்கும். மாதக்கணக்கில் ஓய்வு தேவைப்படும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுநாள் பின்பற்றிய வழிகாட்டியில் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்றும், 15 வயதுக்குட்பட்டவருக்கு 6, 12 என்றும் எல்லை இருந்தது. பயிற்சியில் வீசும் பந்துகளையும் எண்ணுங்கள். முதுகு வலிக்கிறது என்று பையன் சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அவர்களுக்கு எதைப் பழக்குவது என்பதிலும் தவறு நடக்கிறது. எகிறும் பந்து போடவே எல்லோருக்கும் ஆசை. 2023இல் மலேசியப் பந்துவீச்சாளர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஏழு பேருமே ஸ்டம்பு பறிபோய் வெளியேறியவர்கள். நேராக, முழு நீளத்தில் (மட்டையாளரின் காலடிக்கு அருகே குத்தும்படி), ஸ்டம்பைப் பார்த்து வீசுவதுதான் நம் பாய்க்கும் பொருந்தும். ஒரு ஸ்டம்பை நட்டுவைத்து அதை அடிக்கச் சொல்லுங்கள்.

ஆள்சேர்ப்பு

பெயர்ப்பட்டியலில் இருபத்திரண்டு பேர் இருப்பார்கள். ஞாயிறு காலை ஒன்பது பேர் வருவார்கள். மீதிப் பேர் தொழிற்சாலைப் பணி நேரத்திலோ, லாரியிலோ, சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஒவ்வொருவரின் பணி நேர அட்டவணையையும் பருவத்துக்கு முன்பே வாங்கிவைக்காமல் ஆட்டத் தேதி போடாதீர்கள். செம்பனை விளைச்சல் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் தோட்ட வேலை செய்பவர்களுக்கு ஞாயிறும் வேலைநாள் ஆகிவிடுவதுண்டு.

பெண்பிள்ளைகளை அழைக்காமல் இருப்பதும் தவறுதான் என்று அழுத்தமாகச் சொல்வேன். 2025இல் 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கிண்ணம் மலேசியாவில் நடந்தது. இறுதி ஆட்டம் நமக்குப் பக்கத்தில், கிள்ளான் பாண்டமாரானில் உள்ள பாயுமாஸ் ஓவலில். வென்ற இந்திய அணியில் மதுரையைச் சேர்ந்த ஜி. கமலினி ஆடினார். நம் தமிழ்ப்பள்ளி மாணவிகளில் எத்தனை பேருக்கு மட்டை பிடிக்க ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறோம்?

கடைசியாகச் சண்டைகள். பாதிச் சண்டை பழைய விதியால் வருவது. 2022 அக்டோபர் முதல், ஒருவர் பிடிகொடுத்து ஆட்டமிழந்தால், இருவரும் ஓடிக் கடந்திருந்தாலும், புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். அது ஓவரின் கடைசிப் பந்தாக இருந்தால் மட்டும் விலக்கு. பந்தில் எச்சில் தடவுவதற்கும் அனுமதி இல்லை. நடுவராக நிற்கப்போகிறவர்களை ஒரு மாலை உட்காரவைத்து இவற்றைச் சொல்லிக்கொடுங்கள். முதல் ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக எதிரணித் தலைவரோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பந்து, எத்தனை ஓவர், மழை வந்தால் என்ன கணக்கு, வடக்குப் பக்கம் தாழ்ந்து தொங்கும் செம்பனை மட்டையில் பட்டால் நான்கா ஆறா, ஓட்டக் கணக்கு எழுத ஒவ்வொரு பக்கமும் யார். இரு தலைவர்களும் கையெழுத்திட்டு அதை ஓட்டப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடட்டும்.