பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சாப்பாடு: ஒரு சட்டியில் இரண்டு கறி

பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் இரண்டில் ஒரு பிழை விடுவார்கள். கோழிக்கறியும் பொரியலும் கட்டிக்கொண்டு போனால் தாய் அதில் கை வைக்க மாட்டாள், வைக்க விடவும் மாட்டார்கள். பத்தியக்கறி மட்டும் கொண்டுபோனால், இரவிரவாகப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த தகப்பனும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அம்மம்மாவும் கடைப் பாணோடு இருப்பார்கள். இரண்டு முறை சமைக்கத் தேவையில்லை. ஒரே சட்டியில் தொடங்கி, பாதியில் பிரித்தால் போதும்.

கீழே தந்திருக்கும் அளவுகள் தாய்க்கு இரண்டு நேரத்துக்கும், வீட்டிலுள்ள மற்ற நான்கு பேருக்கு ஒரு நேரத்துக்கும் காணும்.

முதலில் கேட்க வேண்டியவை

தாயிடம் கேட்காதீர்கள். அவள் "ஒண்டும் வேண்டாம் அக்கா" என்றுதான் சொல்லுவாள். பத்தியத்தைப் பார்க்கிறவர் யாரோ, அம்மம்மாவோ மாமியோ, அவரிடம் கேளுங்கள். "என்ன சமைக்க?" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: "மாமி, சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு கொண்டு வாறன். மீன் குடுக்கலாமோ? எத்தினை பேர் நிக்கிறியள்?"

கூடவே மூன்று விசயம். சிசேரியன் என்றால், ஆஸ்பத்திரியில் எதையும் விலக்கச் சொன்னார்களா? சீனி வருத்தமோ பிறசரோ உண்டா? இருந்தால் உப்பையும் இனிப்பையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். மூன்றாவது, அந்த வீட்டில் எந்த நாள் சைவம்? சைவச் சமயத்தவர் வீடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) ஏறாது. சில வீடுகளில் செவ்வாயும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மீன் கறியோடு படலையில் போய் நிற்பதைப்போல் சங்கடம் வேறில்லை. அன்றைக்கு மீனுக்குப் பதிலாகப் பிஞ்சுக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு இதே கறியை வைக்கலாம்.

இறால், நண்டு, கணவாய் மூன்றையும் கிரந்தி (உடம்பில் கடி, புண் கொண்டுவரும்) என்று பெரியவர்கள் ஒதுக்குவார்கள். அதைப் பற்றி வாதாட இது நேரமில்லை, விட்டுவிடுங்கள். ஆனால் தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பழக்கம் அந்த வீட்டில் இருந்தால், பால் கொடுக்கிறவளுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் வாயாலேயே சொல்ல வைப்பது நல்லது. அவர் சொன்னால் கேட்பார்கள்.

சரக்குத்தூள்

பத்தியக்கறிக்குப் போடும், மிளகாய் சேராத தூள் இது. ஒரு கிழமைக்கு முன்பே செய்து வைக்கலாம்.

மல்லி 100 கிராம்
மிளகு 25 கிராம்
நற்சீரகம் 25 கிராம்
வேர்க்கொம்பு (சுக்கு) 15 கிராம்
மஞ்சள் 10 கிராம்

வேர்க்கொம்பையும் மஞ்சளையும் உரலில் போட்டுச் சிறு துண்டுகளாக உடைத்து, ஒரு நாள் வெயிலில் காய விடுங்கள். முழுதாகப் போட்டால் கிரைண்டரின் அலகுதான் உடையும். மற்றவற்றை மெல்லிய நெருப்பில் தனித்தனியாக வறுக்க வேண்டும். மல்லி வாசம் வந்து நிறம் சற்று மாறியதும் இறக்குங்கள். மிளகு ஒன்றிரண்டு வெடித்ததும் போதும். சீரகத்துக்கு நெருப்பே தேவையில்லை: அடுப்பை நிறுத்திவிட்டு, சூடான தாச்சியில் போட்டு இரண்டு நிமிடம் கிளறுங்கள். தூள் கைத்தால் பெரும்பாலும் சீரகம் கருகியிருக்கும். அதைத் திருத்த வழியில்லை, புதிதாகத்தான் வறுக்க வேண்டும்.

நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். சூட்டோடு அரைத்துப் போத்தலில் அடைத்தால் மூடியில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

மில்லில் அரைக்கக் கொடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு முன் ஒருவர் ஐந்து கிலோ செத்தல் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருப்பார். இயந்திரத்துக்குள் ஒட்டியிருக்கும் மிளகாய்த்தூள் முழுவதும் உங்கள் 175 கிராமோடு சேர்ந்து வரும். பத்தியத்தூள் சிவந்து வந்தால் காரணம் அதுதான். இந்தக் கொஞ்சத்தை வீட்டுக் கிரைண்டரில் அரைத்து அரித்தெடுப்பதே நல்லது.

கறி: பாதியில் பிரிப்பது

எலும்பு பெரிதாக உள்ள மீனை வாங்குங்கள். தாய் பெரும்பாலும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால்தான் சாப்பிடுவாள், சூடை மீனில் முள் எடுத்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கமென்றால் விளைமீன் அல்லது ஒட்டி. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கமென்றால் விரால். விராலின் வழுவழுப்புப் போகக் கல்லுப்பும் தேசிக்காயும் தேய்த்து மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கறியில் சேற்று வாசம் நிற்கும்.

மீன் 1 கிலோ, இரண்டு விரல் தடிப்புத் துண்டுகளாக
சின்ன வெங்காயம் 20
உள்ளி 2 முழுப்பூடு, பல்லைக் கீறாமல் முழுதாக
வெந்தயம் 1 தேக்கரண்டி
கறிவேப்பிலை 2 நெட்டு
நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி
சரக்குத்தூள் 4 மேசைக்கரண்டி
தண்ணீர் 1 லீற்றர்
உப்பு 1 தேக்கரண்டி, பிறகு பார்த்துச் சேர்க்க

மண்சட்டியில் எண்ணெயைக் காய வைத்து வெந்தயத்தைப் போடுங்கள். அது பொன்னிறமாகும்போதே வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலையைச் சேர்க்க வேண்டும். வெந்தயம் சிவந்து போனால் கறி முழுக்கக் கைக்கும். வெங்காயம் வதங்கியதும் சரக்குத்தூளைக் கால் லீற்றர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மிச்சத் தண்ணீரையும் விடுங்கள். தூளை நேரே எண்ணெயில் கொட்டினால் அடிப்பிடிக்கும்.

மூடி, நடுத்தர நெருப்பில் 15 நிமிடம் கொதிக்கட்டும். ஒரு உள்ளிப் பல்லை எடுத்து விரலால் அமத்திப் பாருங்கள். களியாக நசிந்தால் சரி. உள்ளி வேகுமுன் மீனைப் போட்டால் மீன் கரையும்வரை உள்ளி பச்சையாகவே இருக்கும்.

இப்போதுதான் பிரிக்க வேண்டும். குழம்பில் மூன்றில் ஒரு பங்கை வேறொரு சட்டிக்கு மாற்றுங்கள். அது தாய்க்கு. அகப்பையால் துழாவி உள்ளியில் பெரும்பகுதியை அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

தாயின் சட்டியில் ஐந்து துண்டு மீனைப் போட்டு, 8 நிமிடம் வேகவிட்டு இறக்குங்கள். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் மீன் உடையாது. தேங்காய்ப்பால் வேண்டாம். பத்தியத்துக்குத் தேவையில்லை என்பது ஒரு பக்கம், பால் விட்ட கறி வன்னி வெயிலில் வேகமாகப் பழுதாகும் என்பது மறுபக்கம். இறக்கிய பின் அரைத் தேசிக்காய் பிழியலாம்.

மற்றச் சட்டியில் வறுத்த கறித்தூள் 2 மேசைக்கரண்டி, நெல்லிக்காயளவு பழப்புளியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்தது, மிச்ச மீன். அதையும் 8 நிமிடம் கொதிக்க விடுங்கள். உடனே சாப்பிடப் போகிறார்களென்றால் கட்டியான தேங்காய்ப்பால் அரைக் கோப்பை விட்டு ஒரு கொதியில் இறக்கலாம். அகப்பைகள் மாறக்கூடாது. உறைத்த அகப்பையைத் தாயின் சட்டிக்குள் ஒருமுறை விட்டாலே பத்தியம் போச்சு.

புட்டு

சோறு கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் ஆறிய சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் வயிற்றைக் கெடுக்கும். அதைச் சுடவைத்தாலும் நஞ்சு போகாது. புட்டு கறியோடு நன்றாகப் போகும், ஒற்றைக் கையால் குழைக்கவும் சுகம்.

வறுத்த சிவப்பரிசிமா 750 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, கொதித்து ஒரு நிமிடம் ஆறிய தண்ணீர் ஏறத்தாழ அரை லீற்றர், துருவிய தேங்காய் பெரிதாக ஒன்று. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறுங்கள். கையில் அமத்தினால் பிடிபட வேண்டும், உதறினால் உதிர வேண்டும். மா எவ்வளவு வறுபட்டதோ அதற்கேற்பத் தண்ணீர் கூடும் குறையும். கட்டிகளை அரிசி அளக்கும் சுண்டின் விளிம்பால் கொத்திச் சிறு மணியாக்கித் தேங்காய்ப்பூவைக் கலவுங்கள். நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) அமத்தாமல் போட்டு, ஆவி மேலே வந்ததிலிருந்து 10 நிமிடம்.

புட்டு கல்லாகப் போனால் தண்ணீர் காணாது அல்லது மா சரியாக வறுபடவில்லை. களியானால் தண்ணீர் கூடிப்போயிற்று. பத்து மணிக்கு முன் அவிக்காதீர்கள், புறப்படுமுன் கடைசி வேலையாக அவியுங்கள். இரவுக்கென்று எடுத்துவைக்கும் புட்டில் தேங்காய்ப்பூ போடாமல் விடுவது நல்லது, அது புளிக்கும்.

பக்கக் கறி: சுறாவா, முருங்கையிலையா?

பால் ஊற வேண்டுமென்று முதலில் சொல்லப்படுவது பால்சுறா வறை. பால் ஊறுவதற்குப் பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதுதான் முக்கிய காரணம். ஆனாலும் வறை லேசானது, முள்ளில்லாதது, பத்தியத்துக்கு ஏற்றது. சின்னச் சுறாவாக அரைக் கிலோ வாங்குங்கள். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், தாய்க்கு அது வேண்டாம். மூக்கைக் குத்தும் அமோனியா மணம் வந்தால் மீன் பழையது. எவ்வளவு மஞ்சள் போட்டாலும் அந்த மணம் போகாது.

மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் 10 நிமிடம் அவித்து, தோலை உரித்து, நடு எலும்பை நீக்கி உதிருங்கள். பிறகு இரண்டு கையாலும் இறுக்கிப் பிழியுங்கள். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் வறை கூழாகும். பிழிந்ததோடு மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, தேங்காய்ப்பூ அரைக் கோப்பை பிசறி, வதக்கிய வெங்காயத்திலும் உள்ளியிலும் கொட்டி, மெல்லிய நெருப்பில் பொலுபொலுவென்று வரும்வரை கிளறுங்கள். எட்டுப் பத்து நிமிடம் ஆகும்.

சுறா கிடைக்காவிட்டால் வேலியிலேயே முருங்கை நிற்கிறதே. உருவிய இலை நான்கு கோப்பை. கழுவி ஈரம் உலர்த்தி, வதங்கிய வெங்காயத்தில் போட்டு, மூடாமல் 4 நிமிடம். மூடினாலோ கூட வேகவிட்டாலோ கைக்கும். கடைசியில் தேங்காய்ப்பூவும் உப்பும். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொண்டுபோகாதீர்கள். பிள்ளைத்தாய்க்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும்.

இரவு இரண்டு மணிக்கு

பால் கொடுக்கிறவளுக்கு நடுச்சாமத்தில் பசி வரும். அந்த நேரம் அடுப்படிக்குப் போகாமல் கைநீட்டி எடுக்க ஏதாவது வேண்டும். எள்ளு 250 கிராமைக் கழுவி, காயவைத்து, படபடவென்று பொரியும்வரை வறுத்து, 150 கிராம் பனங்கட்டியோடு உரலில் இடியுங்கள். எண்ணெய் கசியத் தொடங்கும்போது சூட்டோடு உருட்டுங்கள். தண்ணீர் ஒரு துளியும் படக்கூடாது. படாவிட்டால் மூடியுள்ள போத்தலில் பத்து நாள் நிற்கும். எள்ளு சூடு என்று சொல்கிற வீடுகளும் உண்டு, அதையும் மாமியிடம் கேட்டுவிடுங்கள்.

கட்டுவதும் கொண்டுபோவதும்

கறியைக் கொதிக்கக் கொதிக்கக் கட்ட வேண்டும். அகல வாய்ப் பிளாஸ்க் இருந்தால் முதலில் கொதிதண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்து, ஊற்றிவிட்டுக் கறியை நிரப்புங்கள். குளிர்ந்த பிளாஸ்க் பாதிச் சூட்டைத் தானே குடித்துவிடும். பிளாஸ்க் இல்லையென்றால் அடுக்குக் கரியரில் வைத்து, தடித்த துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் சுடுகறி ஊற்றாதீர்கள். கிறவல் வீதியில் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் குழம்பை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. பள்ளத்தில் ஒருமுறை தூக்கிப்போட்டால் மூடி திறந்துவிடும். புட்டை வாட்டிய வாழையிலையில் தளர்வாகச் சுற்றுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் வியர்த்துக் களியாகும்.

மூடிகளில் கடதாசி ஒட்டி எழுதுங்கள்: "தாய்க்கு", "மற்றவைக்கு, உறைக்கும்". இல்லாவிட்டால் அரைத்தூக்கத்தில் தகப்பன் உறைத்த கறியைத் தாய்க்குப் போட்டுக் கொடுப்பார்.

இந்த வெயிலில், சூடு ஆறிய கறி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடென்றால் தாயின் இரண்டாம் நேரப் பங்கை வந்தவுடனேயே தனியாக உள்ளே வைத்து, இரவு ஒரேயொரு முறை கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாத வீடென்றால் ஒரு நேரத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கொண்டுபோவதானால், என்ன கொடுக்கலாம் என்று வார்ட்டில் தாதியிடம் கேட்காமல் திறக்க வேண்டாம்.

உங்களுக்குத் தடிமனோ வயிற்றோட்டமோ இருந்தால் அன்றைக்குச் சமைக்கவே வேண்டாம், வேறொருவரைச் சமைக்கச் சொல்லுங்கள். சுகமாக இருந்தாலும் பிள்ளையைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர்களாகக் கூப்பிட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள்.

ஏனங்கள் விசயம் ஒன்று மிச்சம். 31 நாள் துடக்குக் கழியும்வரை அந்த வீட்டில் பாத்திரம் எடுத்துப் புழங்குவதில் சிலருக்குத் தயக்கம் இருக்கும். வெறும் ஏனத்தைத் திருப்பிக் கொடுக்க அவர்களுக்கும் மனம் வராது, அதற்குள் எதையாவது போட்டுக் கொடுக்கப் பார்ப்பார்கள். ஆகவே நல்ல கரியரைக் கொண்டுபோனால் சாப்பாட்டை அங்கேயே அவர்கள் சட்டிக்கு மாற்றிவிட்டு, கரியரைக் கழுவ விடாமல் கையோடு எடுத்து வாருங்கள். அதற்கு நேரமில்லையென்றால் திரும்பத் தேவைப்படாத பாத்திரத்தில் கொண்டுபோய், "ஏனம் இஞ்சையே இருக்கட்டும் மாமி" என்று படலையிலேயே சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.