நாட்டுக்கோழி வளர்க்க ஆசையா? முதலில் கூட்டைக் கட்டுங்கள்

வீட்டில் கோழி வளர்க்க ஆசைப்படும் பலர் சந்தைக்குப் போய் ஒருநாள் குஞ்சுகளை ஐம்பது, நூறு என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும், பல்பு போட்டு அதை வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும், ராத்திரி கரண்ட் போய்விட்டால் குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும். தாய்க்கோழி இருந்தால் இந்த வேலை முழுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதனால் முட்டைப் பருவத்துக்கு வந்த சிறுவிடை என்ற நாட்டு ரகப் பெட்டை மூன்று, சேவல் ஒன்று, அவ்வளவு போதும். வனராஜா, கிராமப்பிரியா மாதிரியான ரகங்கள் முட்டை அதிகம் விடும், ஆனால் அடைக்குப் படுப்பது அபூர்வம். சிறுவிடை வருஷத்துக்கு 60, 70 முட்டைதான் விடும் என்றாலும் அடைகாப்பதிலும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்வதிலும் கெட்டி. முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. பக்கத்து வீடு ஒட்டியிருக்கும் டவுனில் இதுதான் நல்லது.

கோழி வாங்குவதற்கு முன்பே கூடு தயாராக இருக்கட்டும். பகலில் மேய விடுவதானால் நாலு கோழி இரவில் அடைய நாலடிக்கு மூன்றடி தாராளம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், உள்ளே குறுக்கே ஒரு கழி வைத்து, மேல்பக்கம் காற்றோட்டம் விட்டுக் கட்டுங்கள். வலையில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். சாதாரணக் கோழிவலையை நாய் பிய்த்துவிடும், அதன் கண் வழியாகப் பாம்பும் நுழைந்துவிடும், அதனால் அரை அங்குல வெல்டு மெஷ்ஷாகப் பார்த்து வாங்குங்கள். கதவுக்குக் கொண்டி கட்டாயம், ஏனென்றால் மரநாய் ராத்திரியில் ஒரு சின்னச் சந்து கிடைத்தாலே புகுந்துவிடும்.

வாங்கி வந்த கோழிகளை நாலைந்து நாள் கூட்டிலேயே அடைத்துத் தீனி போட்டுவிட்டு, அப்புறம் ஒரு சாயங்காலம் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்து விட்டால் தானாகத் திரும்பி வந்து அடையும்.

தீனிக்குக் கம்பு, சோளம், குருணை, தவிடு, கீரை எல்லாம் சரி, உப்பு போட்ட மிச்சச் சாப்பாடு மட்டும் வேண்டாம். முட்டை விடும் கோழிக்குக் கிளிஞ்சலை நொறுக்கித் தனியாக வையுங்கள். குஞ்சுகளுக்குக் கரையானை மிஞ்சிய தீனி இல்லை. பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் உள்ளே மொய்த்துக் கிடக்கும், அப்படியே கொட்டிவிட வேண்டியதுதான்.

அடைக்கு ஒரு வாரத்துக்குள் விட்ட முட்டைகளாகப் பத்துப் பன்னிரண்டு வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் முட்டைக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது, வெறுமனே வெளிச்சமாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 21 நாளில் பொரிக்கும். அடைக்கோழி தினம் ஒரு தடவை இறங்கித் தின்று, குடித்து, சாம்பல் கலந்த மண்ணில் புரண்டுவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் பேன் பிடித்து அடையை விட்டே எழுந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் கோழி தூங்கி வழியும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சில கோழிக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் கூடே காலியாகிவிடும். மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பி ஊசியை விட்டுவிடாதீர்கள். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு மருந்து, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கைக்கு அடியில் ஊசி. இடையில் வேண்டியதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால்நடைத் துறை முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். கடையில் வாங்கினால் ஒரு குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கானது, கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி வாருங்கள்.

புதுக்கோழி எது வந்தாலும் இரண்டு வாரம் தனியாகக் கட்டி வையுங்கள், பழைய கோழிகளுக்குத் தீனி போட்டு முடித்த பிறகு கடைசியாக அதனிடம் போங்கள், வந்ததும் கையையும் காலையும் கழுவிக்கொள்ளுங்கள்.